மூன்று கியூப் மணலின் பாரமும் எங்கள் ஒழுங்கைகளும்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். தீவகத்தில் வீடு உள்ளவர்களும், தீவகத்தை விட்டுப் போனாலும் மனதால் இன்னும் இங்கேயே இருப்பவர்களும் கட்டாயம் வாசியுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே செய்யக்கூடியது. ஒரு கியூப் என்பது 100 கன அடி. மீற்றரில் பார்த்தால் 2.83 கன மீற்றர். காய்ந்த மணல் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 1.6 தொன். எனவே ஒரு கியூப் மணல் சுமார் நாலரைத் தொன். மூன்று கியூப் ஏற்றினால் பதின்மூன்றரைத் தொன். ஈர மணலென்றால் இன்னும் கூட. இதோடு டிப்பரின் சொந்த நிறையையும் சேர்த்தால் மொத்தம் இருபது தொன்னைத் தாண்டிவிடும்.

இந்த இருபது தொன் எங்கே ஓடுகிறது? பெரிய வீதியில் மட்டுமென்றால் நாங்கள் இதை எழுதியிருக்க மாட்டோம். மாட்டுவண்டிலும் சைக்கிளும் போவதற்காக எங்கள் பாட்டன்மார் விட்ட ஒழுங்கைகளுக்குள் ஓடுகிறது. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் பனைமட்டை வேலி. நடுவில் ஒரு ஓட்டோ வந்தாலே சைக்கிளை வேலியோடு சாய்த்துக்கொண்டு நிற்க வேண்டிய அகலம். ஒழுங்கை தொடங்கும் இடத்தில் பாரக் கட்டுப்பாட்டுப் பலகை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். சிவப்பு வட்டத்துக்குள் எழுதியிருக்கும் எண்ணை இரவு இரண்டு மணிக்கு நின்று வாசிக்கிறவர் யார்?

ஏன் இரவிலும் விடியற்காலையிலும் வருகிறார்கள்? அனுமதிப்பத்திரத்தோடு வருபவருக்கு இருட்டுத் தேவையில்லை. பெரிய வீதியில் பொலிஸார் மறிப்பார்கள் என்று பயப்படுபவருக்குத்தான் ஒழுங்கை தேவைப்படுகிறது. ஒழுங்கைக்குள் பார லொறி ஓடுவதை வெறும் போக்குவரத்துப் பிரச்சினையாகப் பார்த்தால் பாதிதான் விளங்கும். பல இடங்களில் அது கள்ள மணலின் வால். வாலை மட்டும் பிடித்து இழுத்தால் தலை வராது.

மணலின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 2019 டிசம்பரில் அப்போதைய அரசாங்கம் மணல், மண், களி போன்றவற்றை ஏற்றிச் செல்வதற்கான போக்குவரத்து அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்று முடிவெடுத்தது. கட்டடத் தொழிலுக்கு வசதி, லஞ்சம் குறையும் என்று காரணம் சொன்னார்கள். நாடு முழுக்க ஆற்றங்கரைகளும் மணல் திட்டிகளும் என்ன பாடு பட்டன என்பது எல்லோருக்கும் தெரியும். சுற்றாடல் அமைப்பினர் உயர் நீதிமன்றம் போனார்கள். 2020 யூலையில் அந்த முடிவை இடைநிறுத்தி நீதிமன்றம் உத்தரவிட்டது. அனுமதி முறை திரும்ப வந்தது. ஆனால் அந்த ஏழெட்டு மாதத்தில் வாங்கிய டிப்பர்களும் பழகிய பாதைகளும் திரும்பிப் போகவில்லை. லீசிங் கட்ட வேண்டிய வாகனம் சும்மா நிற்காது.

இனி, ஒழுங்கைக்குள் ஒரு பார லொறி வந்தால் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, தூக்கம். உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 2009இல் இரவுச் சத்தம் பற்றி ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. வீட்டுக்கு வெளியே இரவுச் சத்தம் சராசரியாக 40 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது அதன் பரிந்துரை. அமைதியான ஒரு நூலகத்தின் அளவு அது. கிடங்கு விழுந்த ஒழுங்கையில் வெறும் பெட்டியோடு திரும்பும் டிப்பர் போடும் சத்தத்தை அளக்க எங்களுக்குக் கருவி வேண்டியதில்லை. பாரத்தோடு போகும்போது வீடு அதிர்கிறது. வெறுமையாக வரும்போது பெட்டியும் பின்கதவும் அடிபட்டு ஊரே எழும்புகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணித்தியாலத் தூக்கமாவது வேண்டும். அது கிடைக்காத பிள்ளை முதலாம் பாடத்திலேயே மேசையில் தலை வைக்கிறது. ஆசிரியர்களான எங்களுக்கு அது நன்றாகவே தெரிகிறது. பிள்ளை சோம்பேறி அல்ல. இரவு மூன்று தரம் எழுப்பப்பட்ட பிள்ளை அது.

இரண்டாவது, பாதை. காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் தீவகத்து வீதிகளைப் பாருங்கள். வெள்ளைச் சட்டைகளும் வெள்ளைச் சீருடைகளும்தான். நடைபாதை என்று ஒன்று எங்களிடம் கிடையாது. தார் முடியும் இடத்தில் கல்லும் முள்ளும். அந்த நேரத்தில் இரவின் கடைசி ட்ரிப்பை முடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் வரும் சாரதியும், தம்பியைப் பின்னுக்கு ஏற்றிக்கொண்டு சைக்கிள் மிதிக்கும் பத்து வயது அக்காவும் ஒரே பாதையில். உயரமான வாகனத்தின் முன்னால் மிக அருகில் நிற்கும் சிறுபிள்ளை சாரதியின் கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஜனாஸா, ஒரு செத்தவீடு வந்த பிறகுதான் பலகை நாட்டுவோம் என்று யாரும் காத்திருக்கக் கூடாது.

மூன்றாவது, வீதி. இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் "எங்கட வரிக்காசில் போட்ட வீதி, எவரும் ஓடலாம்தானே" என்று சிலர் கேட்கிறார்கள்.

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய பரிசோதனை செய்தார்கள். பரிசோதனைக்கென்றே வீதிகள் போட்டு, வெவ்வேறு பாரத்தோடு லொறிகளை இரண்டு வருடம் இரவு பகலாக ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து வந்த விதியை இன்றும் வீதிப் பொறியியலாளர்கள் பயன்படுத்துகிறார்கள். ஒரு அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு வரும் சேதம் இரண்டு மடங்கு அல்ல, ஏறத்தாழ பதினாறு மடங்கு. நாலாம் அடுக்கு விதி என்பார்கள். ஒரு தொன் அச்சுப் பாரமுள்ள வானோடு பத்துத் தொன் அச்சுப் பாரமுள்ள லொறியை ஒப்பிட்டால், சேதம் பத்து மடங்கு அல்ல, பத்தாயிரம் மடங்கு. அதாவது அந்த வான் ஒரு ஒழுங்கையில் தினமும் ஒரு தரம் என்று இருபத்தேழு வருடம் ஓடிச் செய்யும் சேதத்தை அந்த லொறி ஒரே ஓட்டத்தில் செய்துவிடும்.

எனவே "எவரும் ஓடலாம்தானே" என்ற கேள்விக்கு எங்கள் பதில் இதுதான்: வரிக்காசு எல்லோருடையது, சேதம் ஒரு சிலருடையது. கிராமத்து வீதி மெல்லிய தார்ப் படையோடு போடப்படுகிறது. அந்த வீதியை எந்தப் பாரத்துக்குப் போட்டார்களோ அந்தப் பாரம் மட்டும் ஓடினால் அது பல வருடம் இருக்கும். பாரம் கூடினால் ஒரு மாரியோடு முடிந்துவிடும். பிறகு அடுத்த ஒதுக்கீடு வரும் வரைக்கும் கிடங்குக்குள் விழுந்து எழும்புவது டிப்பர்காரர் அல்ல, கர்ப்பிணித் தாய்மார்.

இதில் தீவகத்துக்கே உரிய ஒரு கஷ்டம் இருக்கிறது. வேறு ஊர்களில் ஒரு வீதி உடைந்தால் இன்னொரு வீதியால் சுற்றிப் போகலாம். எங்களுக்கு அப்படி இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை. அங்கிருந்து ஒரு பக்கம் ஊர்காவற்றுறை. மறுபக்கம் கடலுக்கு நடுவால் புங்குடுதீவு, பிறகு குறிகாட்டுவான் இறங்குதுறை. 776 பஸ்ஸும் அதே வழி. நாகபூசணி அம்மன் ஆனித் திருவிழாவுக்கு வரும் அடியார்களும், நாகதீப விகாரைக்கு வரும் தென்னிலங்கை யாத்திரிகர்களும் அதே வழி. நயினாதீவிலும் நெடுந்தீவிலும் ஒருவருக்கு நெஞ்சு நோவு வந்தால் படகில் கடல் கடந்து குறிகாட்டுவானில் ஏறும் அம்பியூலன்சும் அதே வழி. குறிகாட்டுவானிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்கு 30 கிலோமீற்றருக்கு மேல். கடலில் ஏற்கனவே ஒரு மணித்தியாலம் போய்விட்ட நெடுந்தீவு நோயாளிக்கு, கிடங்கு வீதியில் போகும் ஒவ்வொரு நிமிடமும் என்ன விலை என்று யோசித்துப் பாருங்கள்.

நாலாவது, தண்ணீர். இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. யாழ். குடாநாட்டிலும் தீவுகளிலும் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மழைதான் எங்கள் ஆறு. அந்த மழைநீர் நிலத்துக்குக் கீழே உப்புத் தண்ணீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. நன்னீர் உப்புநீரை விடப் பாரம் குறைவு என்பதால் அப்படி. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் எல்லோரும் படிக்கும் பாடம். இதைத் திருப்பி வாசியுங்கள். மேலே ஒரு அடி குறைந்தால் கீழே நாற்பது அடி போய்விடும்.

மண்கும்பான், அல்லைப்பிட்டி, சாட்டிப் பக்கத்து மணல்தான் அந்த மழைநீரைப் பிடித்து வைத்திருக்கும் தொட்டி. அந்த மணலை ஏற்றிக்கொண்டு போகும் டிப்பர் மணலை மட்டும் கொண்டு போகவில்லை. எங்கள் பேரப்பிள்ளைகளின் கிணற்றையும் ஏற்றிக்கொண்டு போகிறது. நிலத்தைத் தோண்டிவிட்டுப் போனால் குழி குழியாகவே இருக்கும் என்பதற்குக் காங்கேசன்துறை சாட்சி. 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் யுத்தத்தோடு நின்றது. சுண்ணக்கல் அகழ்ந்த கிடங்குகள் இன்றும் அப்படியே கிடக்கின்றன.

இப்போது மறுபக்கத்துக்கு வருவோம். "அபிவிருத்தி வேண்டாமா?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில், வேண்டும் என்பதுதான். மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கான வேலையை 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி தொடக்கி வைத்தார். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் காற்று, சூரிய மின்சாரம் கொடுக்க இந்தியாவின் உதவியோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இதெல்லாம் லொறி இல்லாமல் நடக்காது. எங்கள் வீடுகளும் மணலாலும் சீமெந்தாலும் கட்டியவைதான். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தவர்களின் வீடுகளுக்கு இன்னும் மணல் வேண்டும், கல் வேண்டும்.

சாரதிகளோடும் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர்களில் எங்களிடம் படித்த பிள்ளைகளும் உண்டு. ட்ரிப் கணக்கில் சம்பளம் கொடுத்தால் எந்தச் சாரதியும் வேகமாகத்தான் ஓடுவார். குறுக்கு ஒழுங்கையைத்தான் தேடுவார். அவரைத் திட்டுவதில் பயனில்லை. ட்ரிப் கணக்கை மாற்ற வேண்டியவர் வாகனச் சொந்தக்காரர். பாதையையும் நேரத்தையும் தீர்மானிக்க வேண்டியவர்கள் அதிகாரிகள்.

நாங்கள் கேட்பது லொறியை நிறுத்து என்பதல்ல. எந்தப் பாதை, எந்த நேரம், எவ்வளவு பாரம் என்று எழுதி வை என்பதுதான். இது உலகத்தில் இல்லாத புதுமையா? லண்டனில் இருக்கும் எங்கள் தீவகத்து உறவுகளிடம் கேளுங்கள். அங்கே 18 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகள் இரவிலும் வார இறுதியிலும் குடியிருப்பு வீதிகளால் இஷ்டத்துக்குப் போக முடியாது. வார நாட்களில் இரவு ஒன்பது முதல் காலை ஏழு வரை கட்டுப்பாடு. சனிக்கிழமை மதியம் ஒன்றிலிருந்து திங்கள் காலை வரை கட்டுப்பாடு. 1985ஆம் ஆண்டின் உத்தரவு அது. நாற்பது வருடமாக நடக்கிறது. அதனால் லண்டனில் கட்டடம் எழும்பாமல் போய்விட்டதா? எங்கள் கொழும்பிலேயே நெரிசல் நேரங்களில் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. கொழும்பின் நெரிசலுக்கு விதி போடலாம், தீவகத்துப் பிள்ளையின் உயிருக்குப் போட முடியாதா?

சத்தத்தைப் பற்றிப் பேசும்போது முஸ்லிம்களாகிய நாங்கள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2007இல் வெலிகமைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிச் சத்தத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. பள்ளி, கோயில், தேவாலயம், விகாரை என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே அளவுகோல். அந்த நேரத்தில் எங்கள் சமூகத்தில் மனவருத்தம் இருந்தது உண்மை. ஆனால் பக்கத்து வீட்டில் நோயாளி இருப்பார், கைக்குழந்தை இருக்கும் என்ற நியாயம் எங்களுக்கு அந்நியமானதல்ல. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகக் கற்றுத் தந்த மார்க்கம் இது. இறைவனின் பெயரைச் சொல்லும் சத்தத்துக்கே இரவில் எல்லை உண்டென்றால், மணல் ஏற்றும் சத்தத்துக்கு எல்லை இல்லையா?

அடுத்தது, யாரிடம் போவது? இதில்தான் சனங்கள் களைத்துப் போகிறார்கள். ஒரு அலுவலகத்துக்குப் போனால் "இது எங்கட வீதி இல்லை" என்கிறார்கள். மற்ற அலுவலகத்துக்குப் போனால் "மணல் எங்கட பொறுப்பில்லை" என்கிறார்கள். பொலிஸுக்குப் போனால் "வாகன இலக்கம் இருக்கா?" என்கிறார்கள். எனவே கொஞ்சம் தெளிவாக எழுதி வைக்கிறோம்.

ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. மற்ற உள்ளூர் வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் பிரதேச சபைக்குரியவை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் அந்தப் பொறுப்பைச் சபைக்குக் கொடுக்கிறது. மணல், கல் அகழ்வதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். அதற்கான சட்டம் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கம். வீதியில் மறித்துப் பாரத்தையும் பத்திரத்தையும் பார்ப்பது பொலிஸ்.

2023 மார்ச்சில் கலைந்த சபைகளுக்கு 2025 மே 6ஆம் திகதிதான் தேர்தல் நடந்தது. இரண்டு வருடம் கேட்க உறுப்பினர் இல்லை என்று சொன்னோம். இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வீடு வீடாக வந்து வாக்குக் கேட்டவர்கள் அதே ஒழுங்கையால்தான் வந்தார்கள். சபை அமர்வில் இதை ஒரு பிரேரணையாகக் கொண்டுவரச் சொல்லிக் கேட்போம்.

எங்கள் கோரிக்கைகள் ஐந்து.

1. தீவகத்தின் நான்கு பிரதேச சபைகளும் தங்கள் ஒழுங்கைகளைப் பட்டியலிட்டு, எது எத்தனை தொன் தாங்கும் என்று பொறியியலாளரைக் கொண்டு தீர்மானித்து, ஒழுங்கையின் இரண்டு முனையிலும் பலகை நாட்ட வேண்டும். பலகையில் எழுதினால் மட்டும் போதாது. முனையில் உயரம் குறைந்த இரும்புச் சட்டம் ஒன்று போட்டால் அம்பியூலன்ஸ் போகும், டிப்பர் போகாது.

2. பாடசாலை தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் பாடசாலை வீதிகளில் பார லொறி ஓடக்கூடாது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை குடியிருப்பு ஒழுங்கைகளுக்குள் நுழையக்கூடாது.

3. பெரிய கட்டட வேலைகளுக்கு ஒப்பந்தம் கொடுக்கும்போதே லொறிகள் எந்தப் பாதையால் வர வேண்டும், உடைந்த வீதியை யார் திருத்த வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

4. ஏற்றிய மணலையும் கல்லையும் படங்கு போட்டு மூட வேண்டும். பின்னால் சைக்கிளில் வரும் பிள்ளையின் கண்ணுக்குள் மண் விழக்கூடாது.

5. பண்ணை வழியாக உள்ளே வரும், வெளியே போகும் பார வாகனங்களின் பத்திரத்தை இரவிலும் பார்க்க ஒழுங்கு வேண்டும். தரை வழியாக வேலணைத் தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போக இருப்பது அந்த ஒரு பாதை. அதைக் கண்காணிப்பது பெரிய கஷ்டமான வேலை அல்ல.

நாங்களும் சும்மா இருக்க முடியாது. ஒரு கொப்பியில் திகதி, நேரம், வாகன இலக்கம், எந்தப் பக்கம் போனது என்று எழுதுங்கள். ஒரு மாதம் எழுதினால் அது வெறும் முறைப்பாடு அல்ல, ஆதாரம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எங்கள் பிரதேசத்தில் எத்தனை மணல் அனுமதி கொடுக்கப்பட்டது, எந்த ஒழுங்கைக்கு என்ன பார எல்லை என்று எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு இருக்கிறது. பொதுத்தொல்லையை அகற்ற நீதவான் கட்டளையிடலாம். அந்த நீதிமன்றம் ஊர்காவற்றுறையிலேயே இருக்கிறது. ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டு ஊராகச் சேர்ந்து போங்கள், தனி ஆளாகப் போகாதீர்கள்.

இளைஞர்களிடம் ஒரு விண்ணப்பம். இரவில் லொறியை மறிக்காதீர்கள், கல் எறியாதீர்கள். கள்ள மணல் ஏற்றுபவர் நிற்க மாட்டார். உங்கள் உயிர் போய்விடும், அல்லது வழக்கு உங்கள் மேல் திரும்பும். 119க்கு அழையுங்கள், இலக்கத்தைக் குறியுங்கள். அது போதும்.

இது தமிழ்ச் சனத்தின் பிரச்சினை, முஸ்லிம்களின் பிரச்சினை என்று பிரிக்க முடியாத ஒன்று. லொறி ஓடும் ஒழுங்கையில் கோயிலும் இருக்கிறது, சேர்ச்சும் இருக்கிறது, பள்ளியும் இருக்கிறது. கோயில் பரிபாலன சபை, பங்குச் சபை, பள்ளி நிர்வாகம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம் எல்லாம் ஒரே தாளில் கையெழுத்து வைத்தால் அந்தத் தாளுக்கு ஒரு பாரம் இருக்கும். வெளிநாட்டில் உள்ள உறவுகளே, ஊருக்கு வீதி போட்டுத் தர நீங்கள் எப்போதும் முன்வருகிறீர்கள். இந்தத் தடவை காசு வேண்டாம். போட்ட வீதியைக் காப்பாற்ற உங்கள் குரல் வேண்டும். உங்கள் ஊர்ச் சங்கத்தின் பெயரில் சபைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

வாசித்தவர்கள் உங்கள் ஒழுங்கையின் நிலையைக் கீழே எழுதுங்கள். வாகன இலக்கங்களையும் ஆட்களின் பெயர்களையும் இங்கே போட வேண்டாம், அவை முறைப்பாட்டுக்கு உரியவை. இடம், நேரம், எவ்வளவு காலமாக என்று மட்டும் எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து, கையெழுத்துகளோடு சபைகளுக்கும் பிரதேச செயலகங்களுக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.